ஐப்பசி மழையும் தாழ்வாரத் தோட்டமும்: சிங்கப்பூர் வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், குளிர்நாடுகளில் இருக்கும் அண்ணன், அக்கா, சித்தி வீட்டுத் தோட்டப் படங்கள் வாட்ஸப்பில் வந்து குவியத் தொடங்கிவிடும். சிவந்த மேப்பிள், மஞ்சள் பூத்த சாமந்தி, வாசலில் அடுக்கிய பூசணி. அதைப் பார்த்துவிட்டு எங்கள் புளோக்கில் இருப்பவர்களும் சமூகத் தோட்டத்துக்கு வருபவர்களும் என்னிடம் ஆண்டுதோறும் சில கேள்விகள் கேட்பார்கள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் பல வருடம் செடி வளர்த்த பழக்கத்தில் நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் இலையுதிர்காலமே கிடையாதே. பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

இலையுதிர்காலம் கிடையாதுதான். நாம் பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 10 நிமிடம்கூட இருக்காது. பகல் குறுகி, இரவு குளிர்ந்தால்தான் மேப்பிள் மரம் பச்சையத்தை விட்டுவிட்டுச் சிவக்கும். இங்கே அதற்கு வழியே இல்லை.

ஆனால் பருவமே இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரண்டு மாதம். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று ஊரில் சொல்வார்களே, அதே வடகிழக்குப் பருவமழைதான் கொஞ்சம் தாமதமாக இங்கேயும் வருகிறது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. டிசம்பரில் சில நாட்கள் விடாமல் பெய்யும் மழை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில், டிசம்பர் மாதம் மட்டுமே 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். குளிர்நாட்டுத் தோட்டக்காரர் உறைபனிக்கு முன்னால் தோட்டத்தைத் தயார் செய்கிறார். நாம் மழைக்கு முன்னால் தயார் செய்ய வேண்டும். வேலை வேறாக இருந்தாலும், தயாராக வேண்டிய மாதங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே இலை சிவந்து உதிரும் மரம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறதே! ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்து பாருங்கள். கெத்தாப்பாங் என்று மலாயில் சொல்லும் நாட்டு வாதுமை மரம் கடலோரம் நெடுக நிற்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. விழுவதற்கு முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் ஆழ்ந்த சிவப்பு. ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ இப்படி மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில நாட்களிலேயே புதுத் துளிர் விட்டுவிடும். எல்லா மரமும் ஒரே வாரத்தில் சிவப்பதில்லை. ஒன்று மொட்டையாக நிற்கும்போது பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். அதனால் தேதி குறித்து வைத்துப் போக முடியாது, வழக்கமாக நடக்கிற வழியில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அகப்படும்.

சாலையோரத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும் தபேபுயா மரத்தையும் கவனியுங்கள். வறண்ட நாட்களுக்குப் பிறகு நல்ல மழை விழுந்தால் பூக்கும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறை. இங்குள்ளவர்கள் இதைச் 'சிங்கப்பூர் சகுரா' என்று சொல்வார்கள்.

குளிர்நாட்டுத் தோட்டப் படங்களிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

செடியை எடுக்காதீர்கள், நிறத்தையும் அடுக்கையும் எடுங்கள். ஒரு தோழி ஆசைப்பட்டுச் சின்ன மேப்பிள் ஒன்றை வாங்கி வைத்தார். ஓய்வெடுக்கக் குளிர்காலமே கிடைக்காமல் அது மெல்ல மெல்ல நலிந்து போனது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்தப் படத்தில் நமக்குப் பிடித்தது என்ன என்று முதலில் யோசியுங்கள். பெரும்பாலும் அந்தச் செம்மஞ்சள் நிறம்தான். அந்த நிறம் நம்மிடம் வருடம் முழுக்க இருக்கிறது. குரோட்டன் இலையில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக ஓடும். கோலியஸ் செங்கல் நிறத்திலும் கரும்பழுப்பிலும் கிடைக்கும், நிழலையும் தாங்கும். வேலிக்கு வைக்கும் ரெட் லிப் செடியின் இளந்துளிர் செக்கச்செவேல் என்று வரும், கத்தரித்துவிட்டால் மறுபடி வரும். பின்னால் உயரமான குரோட்டன், நடுவில் கோலியஸ், முன்னால் குட்டையான செண்டுமல்லி என்று மூன்றே தொட்டி வைத்தால், அந்தப் படத்தில் பார்த்த மனநிறைவு அப்படியே கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் சிலர் காய்ந்த விதைத் தலைகளைப் பறவைக்காக வெட்டாமல் விடுவார்கள். நானும் துளசியில் கடைசிக் கதிர்களை விட்டுப் பார்த்தேன். தேனீ வந்தது. விதை முற்றியதும் அடுத்த வருட நாற்றுக்கும் ஆயிற்று.

அக்டோபரிலிருந்து என் தாழ்வாரத்தில் வெயிலே வரவில்லை. ஏன்?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பலர் உரத்தைக் குறை சொல்வார்கள், விதையைக் குறை சொல்வார்கள். காரணம் சூரியன்.

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகும். செப்டம்பர் 20 வாக்கில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு தெற்கே சாயத் தொடங்கும். டிசம்பர் கடைசியில் நண்பகலில் அது தெற்கு வானத்தில் சுமார் 65 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகவே தெற்கு பார்த்த தாழ்வாரத்துக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு அதே மாதங்களில் நேர்வெயில் கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். கிழக்கு மேற்கு பார்த்த வீடுகளில் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

தெற்கு பார்த்த வீட்டிலும் வெயில் ரொம்ப உள்ளே வராது. மேல் மாடித் தளம் மறைப்பதால், டிசம்பர் நண்பகலில் திறப்பின் உயரம் ஒரு மீட்டர் என்றால் வெயில் ஏறக்குறைய அரை மீட்டர்தான் உள்ளே விழும். கைப்பிடிச் சுவரின் நிழல் வேறு. தொட்டியைத் தரையில் வைத்தால் செடிக்கு எதுவும் எட்டாது. சுவருக்கு உட்புறம் உறுதியான ஸ்டாண்டு போட்டு, இலை சுவரைத் தாண்டி வெளிச்சம் பார்க்கிற மாதிரி உயர்த்தி வையுங்கள். சுவர் மேல் மட்டும் தொட்டி வைக்கவே வேண்டாம். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் உயிர் போய்விடும்.

வடக்கு பார்த்தவர்கள் என்ன செய்வது? மல்லிகை, மிளகாய், கத்தரி, வெண்டை எல்லாம் இந்த ஆறு மாதம் சோர்ந்துதான் இருக்கும். அவற்றைத் தெற்குப் பக்கம் வீடு உள்ள நண்பரிடம் கொடுத்து வையுங்கள், மார்ச்சில் உங்கள் முறை வரும். நானும் எதிர் புளோக்கில் இருக்கும் ஒரு அம்மாவும் இப்படித்தான் மல்லிகைத் தொட்டியை மாற்றி மாற்றி வளர்க்கிறோம். அந்த இடத்தில் வெற்றிலை, கற்பூரவல்லி, புதினா, பொன்னாங்கண்ணி, பாண்டான் வையுங்கள். வெளிச்சமே போதும் என்று வளரும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டுமா?

அந்தப் பழமொழி தமிழ்நாட்டு மழைக்காகச் சொன்னது. ஆடியில் விதைத்தால், ஐப்பசி மழை வரும்போது பயிர் வேர் பிடித்து நிற்கும். இங்கே எந்த மாதமும் விதை முளைக்கும். இருந்தாலும் அந்தக் கணக்கு இங்கேயும் பலிக்கிறது, ஒரு மாதம் தள்ளி எடுத்துக்கொண்டால் போதும். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் விதையுங்கள். நவம்பரில் பெருமழை அடிக்கும்போது செடிக்கு எட்டுப் பத்து வாரம் ஆகியிருக்கும், தாங்கும். நவம்பரில் போட்ட கீரை விதை பாதிக்கு மேல் அடித்துக்கொண்டு போகும், அல்லது முளைத்த நாற்றின் கழுத்து அழுகிச் சாயும். மழை மாதத்தில் விதைத்தே ஆக வேண்டும் என்றால் கூரை நிழலில் தட்டில் நாற்று விட்டு, நான்கு இலை வந்ததும் எடுத்து நடுங்கள்.

மழை மாதங்களில் செடி அழுகாமல் எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் தண்ணீர்ப் பழக்கத்தை மாற்றுங்கள். காலையில் ஒரு குவளை என்று கை பழகிவிடுகிறது. நவம்பரில் அந்தக் கையைக் கட்டிப் போட வேண்டும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். ஒரு வருடம் ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். ஆளாளுக்கு அன்பாகத் தண்ணீர் ஊற்ற, ஐந்து வயதுக் கறிவேப்பிலை இரண்டும் மஞ்சளாகி இலை கொட்டின. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் கறுத்து, குழைந்து, நாற்றம். காப்பாற்ற முடியவில்லை. அந்த இரண்டு செடியையும் இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு செப்டம்பரிலேயே மூன்று வேலை செய்கிறேன். தொட்டியின் அடித் துளைகளைக் குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பேன், பழைய வேர் பல துளையை அடைத்திருக்கும். எல்லாத் தொட்டியையும் செங்கல் துண்டின் மேல் ஏற்றுவேன். மண் இறுகியிருந்தால் தென்னை நார்த்தூளும் பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் வெள்ளைத் துகள்) கலந்து மாற்றுவேன். நார்த்தூள் மட்டுமே போட்டால் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும், அது மழை மாதத்துக்கு ஆகாது.

மழை சத்தையும் கரைத்துக்கொண்டு போகும். மொத்தமாக உரம் கொட்டாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி மட்கு உரம் போடுங்கள். இலையை நெருக்கமாக விடாதீர்கள், காற்று புக வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டாலே பூஞ்சைத் தொல்லை பாதியாகக் குறையும்.

தீபாவளிக்கு வீட்டிலேயே செண்டுமல்லி பூக்க வைக்க முடியுமா?

முடியும், அதைப் போல ஒரு சந்தோஷம் இல்லை. தேக்காவிலும் கேம்பல் லேனிலும் சரம் சரமாகத் தொங்கும் பூவை வாங்குவது எளிதுதான், ஆனால் சொந்தச் செடியில் பறித்துக் கட்டிய வாசல் தோரணத்துக்கு ஈடாகாது.

தீபாவளித் தேதியிலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணி விதையுங்கள். குட்டை வகை எட்டு வாரத்திலேயே பூத்துவிடும். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும், ஆனால் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து மணி நேர வெயில் வேண்டும். பூ மொட்டு விட்டபின் மழை நனைக்காத இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். நனைந்த பூ கனத்துத் தலை சாய்ந்து உள்ளுக்குள் அழுகிவிடும்.

கடையில் வாங்கிய சாமந்தித் தொட்டி வாடிவிட்டது. மறுபடி பூக்குமா?

கஷ்டம். சாமந்தி நீண்ட இரவு வேண்டும் செடி. நம் ஊரில் வருடம் முழுக்கச் சுமார் 12 மணி நேர இரவு. ஆனால் தாழ்வார விளக்கு இரவு முழுக்க எரிகிறது, செடிக்கு இரவு என்பதே இல்லாமல் போகிறது. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்தில் வளர்த்துக் கொண்டுவரும் செடி என்பதால் நம் வெப்பமும் அதற்குக் கடினம். பூ வாடியதும் பாதிக்கு வெட்டி, மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடிக் காலை எட்டுக்குத் திறந்து பாருங்கள். பொறுமை இருந்தால் முயற்சிக்கலாம். ஒரு பண்டிகைக்கு அழகாக இருந்தது என்று மனநிறைவோடு மட்கு உரத்தில் சேர்ப்பதிலும் தப்பில்லை.

கொசுவுக்கு என்ன செய்வது?

தொட்டிக்குக் கீழ் தட்டே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தட்டை எடுத்துக் கொட்டித் துடையுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வறட்சியைத் தாங்கும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். இறுகிய மண்ணின் மேலும் தண்ணீர் தேங்கும், கிளறி விடுங்கள். பூச்சாடித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கியால் பக்கத்து வீட்டுக் குழந்தை மருத்துவமனைக்குப் போனால் நம் தோட்டம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு.

தாழ்வாரத்தில் எவ்வளவு தொட்டி வைக்கலாம்?

எண்ணிக்கையைவிட வழிதான் முக்கியம். தீ விபத்து நேரத்தில் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகல வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். அளவு நாடா வைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் அண்டைவீட்டுத் தாத்தாவுக்கும் அதே வழிதான். சந்தேகம் என்றால் உங்கள் நகர மன்றத்தைக் கேளுங்கள்.

எங்கே போய்த் தோட்டம் பார்த்தால் புது எண்ணம் வரும்?

குளிர்நாட்டுப் பூ பார்க்க ஆசை என்றால் கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் கூடாரம். 2012ல் திறந்தது. உள்ளே 23, 24 டிகிரிக் குளிர். பருவத்துக்குப் பருவம் பூக்காட்சி மாறும். அங்கே செடிப் பெயரைக் குறிக்காமல், உயரத்தை எப்படிப் படியாக அடுக்கியிருக்கிறார்கள், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

1859ல் தொடங்கிய பூமலை (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா), இன்று யுனெஸ்கோ மரபுடைமைத் தலம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். மழை விட்ட காலையில் போங்கள். மருந்துச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் அங்கே உண்டு. பாட்டி சொல்லிக் கேட்ட பெயர்களுக்கு முகம் தெரியும். அலெக்சாண்டிரா பக்கம் உள்ள ஹோர்ட்பார்க் தோட்டக்காரர்களுக்காகவே அமைந்த இடம், வீட்டளவு மாதிரித் தோட்டங்களைப் பார்க்கலாம்.

ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை பக்கத்துப் புளோக்குகள்தான். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இப்போது 2,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்திலேயே ஒன்று இருக்கும். ஞாயிறு காலையில் போய் நில்லுங்கள். மலாய் மாமா ஒருவர் பட்டாணிக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருப்பார், சீன அக்கா ஒருவர் கைலான் கீரை நாற்றைப் பிரித்துக்கொண்டிருப்பார். நமது வெயில், நமது மழை, நமது பூச்சி இவற்றோடு போராடி வளர்த்தது அது. அங்கே பார்த்ததை மறுநாளே வீட்டில் செய்யலாம்.

வீட்டில் இடமே இல்லை. என்ன வழி?

பூங்காக்களில் வாடகைப் பாத்தி கிடைக்கும். ஒரு பாத்தி சுமார் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். குலுக்கல் முறையில் மூன்று ஆண்டுக்குத் தருவார்கள். கேட்பவர்கள் அதிகம், அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

செடியும் விதையும் பகிர்ந்துகொள்வது எப்படி?

மழை மாதம்தான் இதற்கு ஏற்ற காலம். காற்றில் ஈரம் இருப்பதால் குச்சி எளிதில் வேர் விடும். கற்பூரவல்லி, புதினா, பசலை, செம்பருத்தி, குரோட்டன் எல்லாம் ஒரு சாண் குச்சியாகக் கொடுத்தால் போதும். வெற்றிலைக்குக் கணுவில் வேர் விட்ட துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுங்கள்.

கொடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருந்தால் கொடுக்காதீர்கள், நட்போடு பூச்சியும் போய்விடும். வாங்கியவர்கள் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற செடியோடு சேர்க்க வேண்டும். விதை கொடுத்தால் உறையில் பெயரும் எடுத்த மாதமும் எழுதுங்கள். எந்தத் திசைத் தாழ்வாரத்தில் விளைந்தது என்றும் எழுதினால் வாங்குபவருக்குப் பெரிய உதவி.

கேட்காமல் பறிக்காதீர்கள். சமூகத் தோட்டத்தில் ஒரே ஒரு பாகற்காய் காணாமல் போனாலும் வளர்த்தவர் மனம் நொந்துபோகும். பூங்காவிலும் சாலையோரத்திலும் அனுமதி இல்லாமல் பூவோ விதையோ எடுப்பது சட்டப்படி தவறு.

ஊரிலிருந்து செடி கொண்டுவரலாமா?

மண்ணோடு செடியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கிளம்பும் முன்பே தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பாருங்கள். இங்கே கேட்டாலே கிடைக்கிற செடிக்காக விமான நிலையத்தில் நிற்க வேண்டாம்.

புகைமூட்டம் வந்தால் செடிக்கு ஆபத்தா?

செப்டம்பர், அக்டோபரில் சில ஆண்டுகள் வரும். 2015ல் வாரக்கணக்கில் இருந்தது. வெளிச்சம் குறைவதால் வளர்ச்சி மெதுவாகும், சாவதில்லை. இலையில் படியும் துகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே போங்கள். கீரையை வழக்கத்தைவிட நன்றாக அலசுங்கள்.

இந்தப் பருவத்துக்கென்று ஒரே ஒரு செடி சொல்லுங்கள் என்றால்?

செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்து நண்பர்கள் இதைக் கார்த்திகைப் பூ என்பார்கள். நுனி சுருண்ட இலையால் பற்றிக்கொண்டு ஏறும். பூ மஞ்சளில் தொடங்கி, நாளுக்கு நாள் சிவந்து, தீ நாக்கு மாதிரி மேல்நோக்கி விரியும். மேப்பிள் மரத்தில் நாம் ஏங்குகிற அந்த நிறமாற்றத்தை ஒரே பூவில் காட்டிவிடும். பூத்து முடிந்ததும் கொடி முழுக்கக் காய்ந்து போகும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. தண்ணீரை நிறுத்திவிட்டுத் தொட்டியை மழை படாத மூலையில் வையுங்கள், தானே முளைக்கும். கிழங்கு உட்பட செடி முழுக்க நச்சு. குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் வளர்க்க வேண்டாம். மற்றவர்கள் கிழங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.